ரத்தத்துக்குள் ஒரு வாசல்

டயலைசர் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள பிளாஸ்டிக் உருளை. கையில் எடுத்தால் கனமே தெரியாது. உறைக்குள் வெள்ளை இழைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒன்றை உருவிக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால்தான் அது இழை இல்லை, குழாய் என்று தெரியும். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இப்படிச் சுமார் பத்தாயிரம் குழாய்கள் அந்த உருளைக்குள் இருக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தம் இந்தக் குழாய்களுக்கு உள்ளே ஓடும். வெளியே, குழாய்களைச் சுற்றி, உப்புகள் கரைந்த நீர் ஓடும். நடுவில் இருப்பது குழாயின் சுவர்தான், அதுவே சவ்வு. நான்கு மணி நேரம் கழித்து நோயாளி எழுந்து வீட்டுக்குப் போகும்போது, ரத்தத்தில் இருந்த யூரியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்.

கழிவு எது, சத்து எது என்று இந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி யாருக்கும் எழும். தெரியாது. தெரியாமலேயே அது ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. அந்த விதத்தை முதலில் பார்க்கலாம். ஆனால் டயாலிசிஸில் இதைவிடப் பெரிய சங்கதி நோயாளியின் மணிக்கட்டில் இருக்கிறது. செயற்கைச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிய பிறகும், அந்த மணிக்கட்டு விஷயம் புரிபடாததால் மருத்துவம் இருபது வருஷத்துக்கு மேல் தடுமாறியது. அதைப் பலரும் அறியாமல் இருப்பதால் இன்றும் நம் ஊரில் நோயாளிகள் வீணாகத் துன்பப்படுகிறார்கள்.

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம்தான் எடை. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவை இரண்டுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனும் நுண்ணிய வடிகட்டிகள் பத்து லட்சம் அளவில். நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் திரவம் இவற்றில் வடிகிறது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவோ உடம்பில் மொத்தம் சுமார் 3 லிட்டர். அப்படியானால் அத்தனையும் ஒரே நாளில் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் வடியும்போது கூடவே சர்க்கரை, சோடியம், அமினோ அமிலங்கள், தண்ணீர் எல்லாம் வந்துவிடும். போகிக்கு வீட்டை ஒழிக்கிறவர்கள் குப்பை எங்கே என்று மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருப்பதில்லை. சாமான் முழுவதையும் முற்றத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்துவைப்பார்கள். நெஃப்ரானும் இதையேதான் செய்கிறது. 180 லிட்டரில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப உள்ளே போய்விடும். மிச்சம் ஒன்றரை லிட்டர் சிறுநீர். உடம்பு இதுவரை கண்டிராத ஒரு பொருள் உள்ளே வந்துவிட்டாலும் சிறுநீரகம் அதை இன்னதென்று அடையாளம் காண வேண்டியதில்லை. திரும்ப எடுக்கும் பொருள்களில் அது இல்லையென்றால் வெளியேதான்.

சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இந்த நெஃப்ரான்களை மெல்ல மெல்லக் கொல்கின்றன. ஒன்று போனால் அதன் வேலையைப் பக்கத்தில் இருப்பவை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கூடுதல் பாரத்தால் அவையும் சீக்கிரம் தேயும். செத்த நெஃப்ரான் மறுபடி முளைப்பதில்லை. இதில் வலி கிடையாது. ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கிரியாட்டினின் கண்ணில் படுகிற அளவுக்கு ஏறும். 'உப்பு ஏறியிருக்கிறது' என்று டாக்டர் சொல்லிக் கேட்கும்போதே பெரிய நஷ்டம் நடந்து முடிந்திருக்கும். காலில் வீக்கம், ஓயாத அரிப்பு, சோற்றைக் கண்டாலே குமட்டல், படுத்தால் மூச்சு முட்டல் என்று உடம்பு வெளிப்படையாகச் சொல்லத் தொடங்குவது, வேலைத்திறன் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு இறங்கிய பிறகு.

இனி அந்தப் பிளாஸ்டிக் உருளைக்கு வருவோம். சிறுநீரகத்தைப் போல எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு வேண்டியதைத் திரும்ப எடுக்கும் திறமை அதற்கு இல்லை. போனது போனதுதான். ஆகவே போகக் கூடாததை முதலிலேயே நிறுத்திவைக்க வேண்டும். பெரியவற்றைப் பற்றிக் கவலையில்லை. சிவப்பணு, வெள்ளணு, அல்புமின் போன்ற புரதம் எல்லாம் சவ்வின் துளைகளை விடப் பெரியவை. சிக்கல் சின்னப் பொருள்களில்தான். யூரியா நுழையும் துளையில் சோடியமும் நுழையும், சர்க்கரையும் நுழையும்.

இதற்கான விடை சவ்வில் இல்லை. மறுபக்கத்து நீரில் இருக்கிறது. கரைந்த பொருள் எதுவானாலும், அடர்த்தி கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகரும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் போவதும் வருவதும் ஈடாகிவிடும். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்கிறதா, நீரிலும் ஏறக்குறைய அதே அளவு வைத்துவிட்டால் சோடியம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். யூரியா நீரில் துளியும் இல்லை; எனவே ரத்தத்தில் இருப்பது வெளியே பாயும். பொட்டாசியம் ரத்தத்தில் 6 வரை ஏறியிருந்தால், நீரில் 2 வைக்கிறார்கள். ஆபத்து நீங்கும் அளவுக்கு அது இறங்கும், அடியோடு போய்விடாது. சிறுநீரகம் கெட்டவரின் ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை ஈடுகட்டப் பைகார்பனேட் தேவை. நீரில் பைகார்பனேட்டைக் கூடுதலாக வைத்தால் அது எதிர்த்திசையில், நீரிலிருந்து ரத்தத்துக்குள் நுழையும். ஒரே சவ்வில், ஒரே நேரத்தில், ஒன்று வெளியே போகிறது, ஒன்று நின்ற இடத்தில் நிற்கிறது, ஒன்று உள்ளே வருகிறது. டயாலிசிஸில் மருந்து என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்த நீரைத்தான் காட்டுவேன்.

ரத்தம் ஒரு முனையில் நுழைகிறதென்றால் நீர் மறுமுனையில் நுழையும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதி வழியிலேயே அடர்த்தி சமமாகிக் கழிவு நகர்வது ஓய்ந்துவிடும். எதிரெதிராக ஓடும்போது, ஓரளவு சுத்தமாகி வெளியேறப் போகும் ரத்தம் புத்தம் புது நீரைச் சந்திக்கிறது. அந்த நீர் கடைசிச் சொட்டுக் கழிவையும் இழுக்கும். மீன் தன் செவுளில் ஆக்சிஜனை எடுப்பதும் இந்த எதிரோட்ட முறையில்தான்.

டயாலிசிஸ் இயந்திரத்தின் காலடியில் இரண்டு கேன்கள் இருக்கும். வழக்கமாக ஒன்றுக்குச் சிவப்பு அடையாளம், மற்றதற்கு நீலம். சிவப்பில் அமிலக் கரைசலோடு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம். நீலத்தில் பைகார்பனேட். இரண்டையும் முன்கூட்டியே ஒன்றாக ஊற்றிவைத்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துபோகும். போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் அதே பொருள்தான். அதனால் கடைசி நேரத்தில் இயந்திரத்துக்குள்தான் இரண்டும் கலக்கின்றன.

அந்தக் கலவைக்கு வேண்டிய தண்ணீர் நிமிடத்துக்கு அரை லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். நாளுக்கு 2 லிட்டர் குடிக்கும் ஒருவர் இரண்டு மாதத்தில் குடிக்கிற தண்ணீர், ஒரே உட்காரலில் ரத்தத்தின் பக்கத்தில் ஓடிப் போகிறது. குடிக்கும் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே குடல் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது. இங்கே நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். 1970களில் பிரிட்டனில் நியூகாஸில் போன்ற ஊர்களில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பேச்சு குழறியது, நினைவு தப்பியது, எலும்பு தானாக முறிந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த அலுமினியம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1996இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில், வறண்டுகொண்டிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் கொண்டுவந்த தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு இருந்தது. குடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை. டயாலிசிஸில் இருந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். டயாலிசிஸ் கூடத்தின் பின்னறையில் இரைந்துகொண்டிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தையும், குளோரினைப் பிடித்து நிறுத்தும் கரித்தொட்டிகளையும் நோயாளிகள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த அறையின் பராமரிப்பாளர்மேல் தனி மரியாதை உண்டு. அவர் ஒருநாள் அசந்தால் முன்னறையில் உயிர் போகும்.

வடிகட்டுவது அவ்வளவு பெரிய புதிராக என்றுமே இருக்கவில்லை. ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம், சவ்வு வழியே சின்ன மூலக்கூறுகள் போகும், பெரியவை நிற்கும் என்பதை 1861இலேயே காட்டிவிட்டார். 1913இல் அமெரிக்காவில் ஜான் ஏபலும் அவருடைய சகாக்களும் ஒரு விலங்கின் ரத்தத்தை வெளியே எடுத்துக் கொலோடியன் குழாய்களில் ஓடவிட்டுத் திருப்பி உள்ளே செலுத்தினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அட்டையிலிருந்து எடுத்த ஹிருடினைப் பயன்படுத்தினார்கள். 1924இல் ஜெர்மனியில் கீஸன் நகரத்து மருத்துவர் கேயோர்க் ஹாஸ் முதன்முறையாக மனிதருக்குச் செய்து பார்த்தார். நடந்தது கால் மணி நேரம்தான். நோயாளிக்குப் பலன் தரவில்லை. ஆனால் கேடும் விளையவில்லை.

பிறகு வருகிறார் வில்லம் கோல்ஃப். 1938இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் மருத்துவமனையில் இளம் மருத்துவர். அவர் பொறுப்பில் இருந்த முதல் நோயாளிகளில் ஒருவர் 22 வயதுப் பையன். சிறுநீரகம் கெட்டு, பார்வை மங்கி, வாந்தியெடுத்தே இறந்துபோனான். கறுப்பு உடுப்போடு வந்திருந்த தாயிடம் கோல்ஃப்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. நாளுக்கு 20 கிராம் யூரியாவை வெளியேற்ற முடிந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்று அவர் கணக்குப் போட்டார். தொத்திறைச்சிக்கு உறையாக விற்ற செல்லோஃபேன் குழாயில் கொஞ்சம் ரத்தத்தையும் யூரியாவையும் ஊற்றி, உப்புநீரில் போட்டு ஆட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் யூரியா ஏறத்தாழ முழுவதும் வெளியே போயிருந்தது.

1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்தது. கோல்ஃபின் பேராசிரியர் யூதர். அவரும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த இடத்துக்கு நாஜி ஒருவர் வந்தார். அவருக்குக் கீழே வேலை செய்ய மாட்டேன் என்று கோல்ஃப் கம்பன் என்ற சிற்றூரின் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அங்கே எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் இயக்குநர் ஹெண்ட்ரிக் பெர்க் கைகொடுத்தார். கட்டைச் சட்டங்களால் உருளைச் சட்டகம் ஒன்றைச் செய்து, அதன்மேல் இருபது மீட்டர் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, எனாமல் தொட்டியில் இருந்த உப்புநீரில் பாதி மூழ்கும்படி அதைச் சுழலவிட்டார்கள். சுழலும் உருளையோடு ரத்தக் குழாயை ஒழுகாமல் இணைக்க, ஃபோர்டு காரின் வாட்டர் பம்ப் இணைப்பு பயன்பட்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டில், ஆக்கிரமிப்புப் படையின் மூக்குக்குக் கீழே, 1943இல் அது ஓடத் தொடங்கியது.

முதல் நோயாளி 29 வயதுப் பெண். ஒவ்வொரு முறை இயந்திரத்தில் இணைக்கும்போதும் மயக்கம் தெளிந்து பேசினார், பிறகு மறுபடி மங்கினார். இணைப்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்த நாளத்தைத் திறக்க வேண்டும். அந்த நாளம் பிறகு உதவாது. கடைசியில் திறப்பதற்கு நாளமே மிஞ்சவில்லை. அந்தப் பெண் இறந்தார். இயந்திரம் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தை எட்டும் வழிதான் தீர்ந்துபோனது. அடுத்தடுத்துப் பதினாறு பேர் வரை முயன்றும், இயந்திரம்தான் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒருவரும் இல்லை. 1945 செப்டம்பரில் பதினேழாவதாக வந்தவர் 67 வயதுப் பெண்; நாஜிகளோடு ஒத்துழைத்ததற்காகச் சிறையில் இருந்தவர். ஊரே வெறுத்த அந்த அம்மாளைக் கோல்ஃப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் இயந்திரத்தில் வைத்திருந்தார். அவர் கண் விழித்தார், பிழைத்தார், இன்னும் பல வருஷம் வாழ்ந்தார். அவருக்கு வந்திருந்தது தற்காலிகச் செயலிழப்பு. சில நாள் தாங்கிப்பிடித்ததும் சிறுநீரகங்கள் தாமே மீண்டுவிட்டன.

கோல்ஃப் காப்புரிமை எதுவும் தேடவில்லை. போர் முடிந்ததும் தான் செய்த இயந்திரங்களை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மாண்ட்ரியலுக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1950இல் அமெரிக்கா போய் கிளீவ்லண்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனால் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டவருக்கு அதுவரை வழியே இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருஷக்கணக்கில், ரத்தத்தை வெளியே எடுத்து உள்ளே விட வேண்டும். கையில் காலில் எத்தனை நாளம் இருக்கிறது திறந்துகொண்டே போக? 1960இல் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர் முதல் பதிலைக் கண்டார். ரத்தம் ஒட்டாத டெஃப்லானில் இரண்டு குழாய்கள். ஒன்று கையின் தமனியில், மற்றது சிரையில், நிரந்தரமாக. டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டு முனைகளையும் தோலுக்கு வெளியே வளைந்த குழாயால் இணைத்துவிட்டால் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், உறையாது. மருத்துவமனைக் கருவிப் பட்டறையில் இருந்த வெய்ன் குவின்டன் அந்தக் குழாய்களை வளைத்துக் கொடுத்தார். முதல் நோயாளி போயிங் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். சில நாளில் இறந்திருக்க வேண்டியவர், 1971 வரை வாழ்ந்தார். சாகும் நோய் வாழும் நோயானது.

உடனே எழுந்த கேள்வி மருத்துவத்தைச் சேர்ந்ததில்லை. சியாட்டிலில் இருந்த இயந்திரங்கள் சில. வேண்டியவர்கள் பலர். யாருக்குக் கொடுப்பது? வக்கீல், பாதிரியார், இல்லத்தரசி, வங்கிக்காரர், தொழிற்சங்கத் தலைவர் என்று பெயர் வெளியிடாத ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. வயது என்ன, எத்தனை குழந்தைகள், என்ன வேலை, சேமிப்பு உண்டா, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்து அவர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1962இல் லைஃப் பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் இதைக் கட்டுரையாக எழுதியதும் அந்த நாடு அதிர்ந்துபோனது. பத்து வருஷ வாதத்துக்குப் பிறகு 1972இல், சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லாருக்கும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அந்த ஏழு பேரைத் திட்டுவது சுலபம். ஆனால் பணமில்லாதவர் தானாக விலகிப்போகிற இடத்தில் குழுவே தேவையில்லை. பணம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். நம் நாட்டில் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 2016இல் மத்திய அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும் மாவட்ட மருத்துவமனை வரை இயந்திரத்தைக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும்.

ஸ்க்ரிப்னரின் குழாயிலும் குறை இருந்தது. தோலைத் துளைத்து வெளியே நிற்பதால் சீழ் பிடித்தது, அடைத்துக்கொண்டது, சில மாதங்களில் மாற்ற வேண்டிவந்தது. 1966இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ, அப்பெல், ஹர்விச் என்ற நான்கு மருத்துவர்கள் வெளியிட்ட முறைதான் இன்றுவரை நிற்கிறது. அந்நியப் பொருள் எதுவும் வேண்டாம். நோயாளியின் சொந்தத் தமனியையும் சொந்தச் சிரையையும் மணிக்கட்டில் ஒன்றோடொன்று தைத்துவிடுவது. இதுதான் ஃபிஸ்டுலா.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டயலைசருக்கு நிமிடத்துக்கு 250 முதல் 350 மி.லி. ரத்தம் வேண்டும். தமனியில் அந்த வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, குத்தினால் ரத்தம் பீறிடும், வாரத்துக்கு மூன்று தடவை குத்தினால் கெட்டுப்போகும். சிரை தோலுக்கு அடியிலேயே தெரிகிறது, குத்துவது எளிது. ஆனால் அதில் வேகம் இல்லை. இரண்டையும் தைத்துவிட்டால் தமனியின் வேகம் சிரைக்குள் பாய்கிறது. அழுத்தம் தாங்காமல் சிரை வெடித்துவிடுவதில்லை. வாரங்கள் செல்லச் செல்ல அகன்று, சுவர் தடித்து, புது வேலைக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இயந்திரத்தில் இருக்கும் எந்தப் பாகத்தையும் விட எனக்கு இதுதான் ஆச்சரியம்.

ஃபிஸ்டுலா போட்ட கையில் விரல் வைத்தால் தோலுக்கு அடியில் இடைவிடாத அதிர்வு தெரியும். ஸ்டெதஸ்கோப் வைத்தால் துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும் இரைச்சல் கேட்கும். நோயாளிகள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்கப் பழகுகிறார்கள். அதிர்வு நின்றிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையல் போடக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது.

டயாலிசிஸ் நாளில் முதல் வேலை எடை பார்ப்பது. சிறுநீர் போகாதவருக்குக் குடித்த தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். தேங்கிய நீர் எதுவும் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை 'டிரை வெயிட்' என்கிறார்கள். அதற்கு மேலே எத்தனை கிலோவோ அத்தனை லிட்டரை இயந்திரம் எடுக்க வேண்டும். பிறகு ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகள். ரத்தம் எடுக்க ஒன்று, திருப்பி விட ஒன்று. உறையாமல் இருக்க ஹெப்பாரின். எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருக்கும் ரத்தம் கால் லிட்டர் அளவுதான். ஆனால் அது விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

3 லிட்டர் நீரை எடுப்பது என்றால் என்ன? உடம்பில் உள்ள பிளாஸ்மாவே அவ்வளவுதான் என்று சொன்னேன். நான்கு மணி நேரத்தில் அத்தனையையும் எடுத்தும் ஆள் பிழைத்திருப்பது எப்படியென்றால், ரத்தத்திலிருந்து நீர் போகப் போகத் திசுக்களில் தேங்கிய நீர் உள்ளே வந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நிரம்பும் வேகத்தை விட எடுக்கும் வேகம் கூடினால் பிரஷர் இறங்கும், கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொள்ளும், கண் இருட்டும். 'போன தடவை ரொம்ப இழுத்துட்டாங்க' என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். முதன்முதலில் டயாலிசிஸ் செய்யும்போது இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுவதற்கும் காரணம் உண்டு. ரத்தத்தில் யூரியா சட்டென்று குறையும், மூளைக்குள் மெதுவாகத்தான் குறையும். அந்த ஏற்றத்தாழ்வில் மூளைக்குள் நீர் புகுந்து வீங்கி, தலைவலியும் குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். அளவுக்கு மீறிய வேகத்தில் சுத்தம் செய்வதும் ஆபத்து.

வாரத்துக்கு மூன்று தடவை என்றால் பன்னிரண்டு மணி நேரம். சிறுநீரகம் வேலை செய்வதோ வாரத்தின் 168 மணி நேரமும். மிச்ச நேரத்துக்குப் பொறுப்பு நோயாளியின் நாக்கு. தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்வதைவிட உப்பைக் குறையுங்கள் என்று சொல்வது உதவும். ஊறுகாயும் அப்பளமும் தின்றுவிட்டுத் தாகத்தோடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது. இளநீர் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதில் உள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது. பாஸ்பரஸ் பெரும்பாலும் செல்களுக்குள்ளும் எலும்பிலும் ஒளிந்திருப்பதால் நான்கு மணி நேரத்தில் போதிய அளவு வெளியே வராது. சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை அதற்காகத்தான். சிவப்பணுக்கள் உற்பத்தியாகத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினைச் சுரப்பதும், வைட்டமின் டியை உயிர்ப்பிப்பதும் சிறுநீரகத்தின் வேலைகள். இயந்திரம் அவற்றைத் தொடுவதேயில்லை. ஊசியாலும் மாத்திரையாலும் ஈடுகட்ட வேண்டும்.

இயந்திரமே வேண்டாத வழியும் ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியுள்ள சவ்வையே வடிகட்டியாக்கி, மெல்லிய குழாய் வழியே 2 லிட்டர் கரைசலை உள்ளே விட்டுச் சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவது. 1970களின் நடுவில் டெக்ஸாஸில் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் இதை நோயாளி தானே நாள்தோறும் செய்துகொள்ளும் முறையாக்கினார்கள். வீட்டிலேயே, சுத்தமான அறையில், நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மருத்துவமனை தூரமான ஊர்களில் இருப்பவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துப் பொருந்துமானால் அதுவே எல்லாவற்றிலும் மேல். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இலேயே அது வெற்றிகரமாக நடந்திருக்கிறது.

'டயாலிசிஸ் போட்டால் அவ்வளவுதான்' என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்தப் பயத்தில் பலரும் நாட்களைத் தள்ளிப்போட்டு, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி நள்ளிரவில் வந்து சேர்கிறார்கள். அப்போது ஃபிஸ்டுலா போட நேரம் ஏது? அது பயன்பாட்டுக்குத் தயாராகக் குறைந்தது ஆறு வாரமாவது, சிலருக்கு மூன்று மாதமும் ஆகும். கழுத்துச் சிரையில் குழாய் செருகி உடனே தொடங்குகிறார்கள். அந்தக் குழாய் வழியே கிருமி நேரே ரத்தத்துக்குள் போகும் அபாயம், ஃபிஸ்டுலாவில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதல். பிறகு ஃபிஸ்டுலா போடலாம் என்று கையைப் பார்த்தால், வருஷக்கணக்கில் ட்ரிப்ஸ் ஏற்றியும் ரத்தம் எடுத்தும் முன்கைச் சிரைகள் சுருங்கி இறுகிப் போயிருக்கும். எந்தக் கம்பெனியும் அந்தச் சிரையைச் செய்து விற்பதில்லை.

ஆகவே சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் அன்றிலிருந்தே, நீங்கள் எழுதாத கையின், வலது கைக்காரரானால் இடது கையின், முன்கையில் ஊசி ஏற விடாதீர்கள். காய்ச்சலுக்கு ட்ரிப்ஸ் போட வரும் நர்ஸிடம், 'எனக்குக் கிட்னி பிரச்சினை இருக்கு, புறங்கையில் போடுங்க சிஸ்டர்' என்று தயங்காமல் சொல்லுங்கள்.